கல்வெட்டுக்கு அடியில் எதுவும் இல்லை

வீடு கைக்கு வந்த பதினோராவது மாதத்தில்தான் தமிழ்மணிக்கு அந்த வீட்டைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது.

அப்பா சீனுவாசன் இருந்தவரை வீடு என்பது தன்பாட்டுக்கு நடக்கிற ஒரு காரியம் என்று அவன் நினைத்திருந்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். காலை ரயிலில் விழுப்புரம் போய், ஒரு டயர்க் கடையின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, பொழுது சாயத் திண்டிவனம் திரும்புகிறவனுக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? அப்பா போன பிறகுதான் மோட்டார் எந்தச் சுவிட்ச், மெயின் எங்கே, வீட்டு வரி ரசீது எந்தப் பெட்டி என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியதாயிற்று. இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, சொந்த வீட்டு மெயின் எங்கே இருக்கிறது என்று எதிர்வீட்டில் போய்க் கேட்டான். அவர்கள் சிரிக்காமல் சொன்னார்கள். சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அது திங்கட்கிழமை காலையில், கழிவறைக் கோப்பை வழியாகத் தானே மேலேறி வந்தது.

அம்மா லட்சுமியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டேங்கு ரொம்பிடுச்சு போலடா" என்றாள்.

"டேங்க் எங்கம்மா இருக்குது?"

"உங்கப்பாருக்குத் தெரியும்."

அப்பா மேல்மலையனூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். டேங்க் இருக்கும் இடத்தைச் சொல்ல அவருக்கு அவகாசம் இருக்கவில்லை.

சாதாரண வாரமாக இருந்தால் சமாளித்திருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தங்கை புனிதாவைப் பார்த்துப் பிடித்துப்போன விழுப்புரத்து மாப்பிள்ளை கோபியின் வீட்டார் சாப்பிட வருகிறார்கள். இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், தவறினால் மூன்று வருஷம் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது சொந்தபந்தங்களின் கண்டிப்பு. புனிதாவுக்கு இருபத்தைந்து. மிச்சமிருந்தது முப்பத்திரண்டு நாள். பதினான்கு பேர் வருகிறார்கள், வீட்டில் கழிவறை ஒன்று, அதுவும் இந்த லட்சணத்தில்.

தமிழ்மணி அன்றைக்கு லீவு போட்டான். கடப்பாரையின் பின்பக்கத்தால் தோட்டத்தைத் தட்டிப் பார்த்தான். துணி துவைக்கும் கல்லைப் புரட்டினான். கொய்யா மரத்தடியில் முழங்கால் ஆழம் தோண்டி, அப்பா எப்போதோ புதைத்த நாயின் எலும்பைக் கண்டெடுத்து மறுபடி புதைத்தான். மத்தியானம் வேறு வழியில்லாமல் அலெக்ஸுக்கு போன் செய்தான்.

அலெக்ஸ் அவனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது கிளியனூர் சாலையில் சொந்தமாக ஒரு கழிவுநீர் லாரி வைத்திருக்கிறான். குழாயை உள்ளே விட்டு மோட்டாரில் உறிஞ்சி எடுக்கிற லாரி. அதை வாங்கிய பிறகு தமிழ்மணி அவனைக் கடைத்தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது. காரணம் என்று ஒன்றும் கிடையாது. அதாவது, சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது.

அலெக்ஸ் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, தோட்டத்தையும் பார்க்கவில்லை. வாசலில் நின்று பின்புறத்திலிருந்து தெரு வரைக்கும் கண்ணால் ஒரு கோடு இழுத்தான். பிறகு தெருவைக் கைகாட்டினான்.

"அதோ இருக்குது உங்க டேங்கு."

அவன் காட்டிய இடத்தில் செல்வம் நகர் வீட்டு உரிமையாளர் பொதுநலச் சங்கத்தின் தொடக்க விழாக் கல்வெட்டு இருந்தது. இடுப்பு உயரப் பீடம், நாலு பக்கமும் கிரானைட், மேலே ஒரு ஆள் நின்று பேசுகிற அகலம். முகப்பில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் தங்க எழுத்தில். பொருளாளர் ச. சீனுவாசன்.

"வெளையாடாதடா."

"நான் ஏன் வெளையாடப் போறேன்? உங்கப்பாரு வூடு கட்டுறப்ப உள்ள எடம் வீணாவ வேணாம்னு டேங்க தெருவுல எறக்கிட்டாரு. முனிசிபாலிட்டிக்காரன் பாத்தா இடிப்பான். அதான் மேல சங்கம் ஏறி குந்திக்கிச்சு. கல்வெட்ட இடிக்க எவனுக்குத் தைரியம் வரும்?"

தமிழ்மணிக்கு முகம் சுட்டது. அப்பாவுக்கு அந்தத் தெருவில் நேர்மையான மனிதர் என்று பேர். இரங்கல் கூட்டத்தில் அந்தச் சொல்லை ஏழு பேர் சொன்னார்கள். இந்தப் பீடத்தின் மேல் நின்றுதான் சொன்னார்கள்.

"தெறந்து எடுக்கலாமாடா?"

"அர மணி நேர வேல. ஒரு பக்கத்துக் கல்ல பேத்தா மூடி வந்துடும். சங்கத்துல ஒரு வார்த்த கேட்டுக்க. இல்லாட்டி என்னிய அடிக்க வருவாங்க."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் தமிழ்மணி சங்கத் தலைவர் தேவநாதன் வீட்டுக்குப் போனான்.

தேவநாதன் ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர். செல்வம் நகரில் ஒரு பூனை குட்டி போட்டாலும் அதற்கு மினிட்ஸ் எழுதுகிறவர். பக்கத்தில் செயலாளர் வெங்கடாசலம், உரக்கடைக்காரர், மடியில் தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கு அடியில எது இருக்குதுன்னு சொல்றீங்க தம்பி?" என்றார் தேவநாதன்.

"கல்வெட்டுக்கு அடியில, எங்க டேங்க் சார்."

"கல்வெட்டுக்கு அடியில் எதுவும் இல்லை."

"அலெக்ஸு பார்த்துட்டு..."

"யார் அலெக்ஸ்? சங்க உறுப்பினரா?"

"இல்ல சார்."

"நீங்க உறுப்பினரா?"

தமிழ்மணி யோசித்தான். "வீடு என் பேர்ல மாறிடுச்சு சார்."

"வீடு மாறலாம் தம்பி. உறுப்பினர் அப்படி மாற மாட்டார். இப்போதும் உங்கள் வீட்டின் உறுப்பினர் உங்கள் அப்பாதான். அவர் கையெழுத்துப் போட்ட மனு வந்தால் உடனே பரிசீலிக்கலாம்."

"அவரு தவறிட்டாரு சார். நீங்கதான் இரங்கல் தீர்மானம் போட்டீங்க."

"போட்டோம். இரங்கினோம். நீக்கவில்லை. நீக்கத்துக்குத் தனித் தீர்மானம் வேண்டும்," என்றார் தேவநாதன். வெங்கடாசலம் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தைக் காட்டி, ஆமாம் என்று தலையாட்டினார்.

தமிழ்மணி குனிந்த தலையோடு, ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருவதைச் சொன்னான். வீட்டின் நிலைமையைச் சொன்னான். சொல்லக் கூசிய இடங்களில் கையால் சொன்னான். இருவரும் உள்ளபடியே இளகினார்கள். அவசரப் பொதுக்குழுவைப் புதன்கிழமையே கூட்டுவதாக முடிவாயிற்று. வழக்கமாக இருபத்தொரு நாள் அறிவிப்பு வேண்டுமாம்.

அந்த இரண்டு நாளும் அம்மாவும் புனிதாவும் காலை ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்துக்குப் போய் வந்தார்கள். தெருவில் யாராவது கேட்டால் கோயிலுக்கு என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு அம்மாள், "என்னா லட்சுமி, தெனம் கோயிலு? கல்யாணம் கூடிவந்த சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு, பிரசாதம் வேறு கேட்டாள். மறுநாள் அம்மா பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பொட்டலம் விபூதி வாங்கி வந்து கொடுத்தாள். அதை எதிர்வீட்டு அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தமிழ்மணி விழுப்புரத்து ரயிலை ஒன்று முன்னதாகப் பிடித்தான். டயர்க் கடைக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கிறான் என்று முதலாளி அவனைப் பாராட்டினார். அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

புதன்கிழமை மாலை பொதுக்குழு கூடியது. பீடத்தின் மேல் மைக் வைத்திருந்தார்கள். முதலில் இறைவணக்கம். பிறகு சீனுவாசனை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானம், அதற்காக மறுபடி ஒரு நிமிட மௌனம். பிறகு தமிழ்மணியைச் சேர்க்கும் தீர்மானம், பொன்னாடை, கைதட்டல். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. தேவநாதன் பீடத்தின் மேல் ஏறிப் பேசினார்.

"இந்தத் தெருவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் வியக்கிறார்கள். இத்தனை சின்னத் தெருவில் இத்தனை பொதுப்பணியா என்று. கல்வெட்டு, தண்ணீர்ப் பந்தல், அறிவிப்புப் பலகை, முதியோர் அமரும் சிமெண்ட் பெஞ்சு, புறாக்களுக்குத் தானிய மேடை. எல்லாமே நம் உறுப்பினர்கள் தங்கள் வீட்டு வாசலில் விரும்பிக் கேட்டு அமைத்துக்கொண்டவை. யாரையும் நாம் வற்புறுத்தவில்லை. அவர்கள்தான் நம்மை வற்புறுத்தினார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தெருவில் எதையும் யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. அதனால்தான் நாம் ஒற்றுமையாக இருக்கிறோம்."

கைதட்டல் பலமாக இருந்தது. இந்த ஊர்க் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைக்கு விலை சொல்வதற்கு முன் குத்தூசியை அடிவரைக்கும் செருகி, வருகிற பருப்பை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேர் பகலெல்லாம் அந்த ஊசியைப் பிடித்தவர்கள்தான்.

பிறகு பேரம் தொடங்கியது. வியாழக்கிழமையே திறந்துவிடலாம் என்று தமிழ்மணி கேட்டான். வேலைநாளில் கூட்டம் வராது என்றார் வெங்கடாசலம். கூட்டம் வேண்டாமே என்றான். கூட்டம் இல்லாமல் கல்வெட்டைத் தொட்டால் அது திருட்டு, கூட்டத்தோடு தொட்டால் விழா என்று பதில் வந்தது. சனிக்கிழமைக்கு இறங்கினான். சனிக்கிழமை அஷ்டமி. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்று படிந்தது. சம்பந்தி வீட்டார் பதினொன்றுக்குத்தான் வருகிறார்கள், அதற்குள் முடிந்துவிடும். தீர்மானத்தை வெங்கடாசலம் எழுதி உரக்கப் படித்தார்.

"கல்வெட்டுக்கு அடியில் எதுவும் இல்லை என்பதைச் சங்கம் ஒருமனதாக உறுதி செய்கிறது. எதுவும் இல்லை என்பதை உறுப்பினர் திரு. தமிழ்மணி நேரில் கண்டு தெளியும்பொருட்டு, கல்வெட்டுப் புனரமைப்பு விழா நடைபெறும். இல்லாததை அப்புறப்படுத்த ஒரு வாகனம் அனுமதிக்கப்படுகிறது. வாகனத்தின் தன்மை வெளியில் தெரியாதவாறு மறைப்பது உறுப்பினரின் பொறுப்பு."

தமிழ்மணி கையெழுத்துப் போட்டான். பேனா வெங்கடாசலத்துடையது.

வாகனத்தின் தன்மையை மறைப்பது எப்படி என்பதையும் அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். போன கோடையில் தண்ணீர்ப் பந்தலுக்கு அடித்த பெரிய பேனர் ஒன்று இருந்தது. நீல நிறத்தில் அருவி, 'சுத்தமான குடிநீர், பொதுமக்கள் பயன்பெறுக.' அதை லாரியின் டேங்கைச் சுற்றிக் கட்டிவிட வேண்டியது.

சனிக்கிழமை சாயங்காலம் இதை அலெக்ஸிடம் சொல்லப் போனான் தமிழ்மணி. அலெக்ஸ் லாரிக்குக் கீழே படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டான்.

"கட்டிக்க," என்றான். "ஆனா நான் கட்ட மாட்டேன். நீ கட்டு."

"தப்பா எடுத்துக்காதடா. சம்பந்திங்க வர்றாங்க. தெருக்காரங்க சொல்றாங்க."

"நான் ஒண்ணும் எடுத்துக்கல. இந்தத் தொழில்ல காச வாங்கிக்கிறவன் மொகத்த எவன் பாக்குறான்? வூட்டுக்காரம்மா கதவ சாத்திக்கினு ஜன்னல் வழியா நோட்டு நீட்டும். பேனரு கட்டுனா எனக்கு இன்னா கொறஞ்சுபூடும்?"

தமிழ்மணி வேறு எதையோ சொல்ல நினைத்து, "ஏழு மணிக்கு ஜல்தியா வந்துடு" என்றுவிட்டு வந்தான்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அலெக்ஸ் வந்துவிட்டான். தெருமுனையில் லாரியை நிறுத்த, தமிழ்மணி ஏறி பேனரைக் கட்டினான். காற்றில் பிரிந்துவிடக் கூடாது என்று ஆறு இடத்தில் கயிறு போட்டு, ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இறுக்கினான். அலெக்ஸ் டீ குடித்துக்கொண்டே பார்த்தான்.

விழா ஏழுக்குத் தொடங்கவில்லை. எட்டு மணிக்கு நாற்காலி வந்தது. எட்டே முக்காலுக்கு மைக் வந்தது. ஒன்பதரைக்குத் தலைவர் வந்தார். பத்து மணி வரை பொன்னாடை. பத்து பத்துக்கு நாதஸ்வர ஒலிப்பதிவின் நடுவே கல் பெயர்க்கப்பட்டு, அலெக்ஸ் குழாயை உள்ளே விட, எதுவும் இல்லாத இடத்திலிருந்து வாடை ஒன்று கிளம்பித் தெருவைச் சுற்றி வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கண்ணில் நீர் வழிய, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தரைக்கு வேலை முடிந்து அலெக்ஸ் குழாயைச் சுருட்டினான். வெங்கடாசலம் மைக்கைத் தமிழ்மணி கையில் கொடுத்து நன்றியுரை என்றார். அந்தச் சமயத்தில்தான் இரண்டு வேன்கள் தெருவுக்குள் திரும்பின. ரோடு காலியாக இருந்ததால் சம்பந்தி வீட்டார் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

முதலில் இறங்கியவர் கோபியின் அப்பா. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், குரலில் விசில் கலந்தவர். நாற்காலிகளையும் மாலைகளையும் பார்த்து மலைத்துப் போனார்.

"இன்னா மாப்ள, எங்களுக்காவா இதெல்லாம்? எதுக்கு இவ்ளோ செலவு?"

"இல்ல மாமா. தெரு விழா," என்றான் தமிழ்மணி. வாசலில் அம்மாவும் புனிதாவும் வந்து நின்றார்கள். புனிதா பட்டுப் புடவையில் இருந்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை அவன் ஒரு வாரமாகப் பார்க்காமல் தவிர்த்து வந்திருந்தான்.

"இந்தத் தம்பி?" என்றார் அவர், அலெக்ஸைக் காட்டி.

அலெக்ஸ் நிமிர்ந்து பார்த்தான். பத்து வருஷம் ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். சொல்வதற்கு 'கூடப் படிச்சவன்' என்கிற ஒரு வார்த்தை போதும்.

"தண்ணி லாரிக்காரரு," என்றான் தமிழ்மணி.

அலெக்ஸ் குனிந்து குழாயின் மிச்சத்தைச் சுருட்டினான்.

"அப்பிடியா. நல்லதாப் போச்சு," என்றார் கோபியின் அப்பா. பேனரை வாய்விட்டுப் படித்தார். "சுத்தமான குடிநீர். பரவால்ல, நல்ல தெருதான். வழியெல்லாம் ஒரே புழுதி மாப்ள. மொகம் கை கால் கழுவிக்கிறேன். டேய் கோபி, நீயும் வாடா." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்தபடி லாரியின் பின்பக்கத்துத் திருகுக் குழாய்க்கு நடந்தார். பின்னால் ஒரு பெண் குழந்தை பிளாஸ்டிக் பாட்டிலோடு ஓடியது.

தமிழ்மணி தேவநாதனைப் பார்த்தான். அவர் கல்வெட்டைப் பார்த்தார். வெங்கடாசலத்தைப் பார்த்தான். அவர் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தார். அலெக்ஸைப் பார்த்தான். அலெக்ஸ் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்க வேண்டியவன் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"மாமா, தொடாதீங்க. அது தண்ணி லாரி இல்ல."

கையில் மைக் இருந்ததை அவன் மறந்துவிட்டான். கம்பத்தின் மேல் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் அதைத் தெருவின் இரு முனைக்கும் கொண்டு போயின.

"செப்டிக் டேங்க் லாரி. எங்க வூட்டு டேங்க்குதான். அப்பா தெருவுல கட்டிட்டாரு, அது மேல கல்வெட்டு வெச்சிட்டாங்க. ஒரு வாரமா பாத்ரூமு போவ முடியல. எங்கம்மாவும் தங்கச்சியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிக்கினு இருந்தாங்க. பொய் சொல்லிட்டேன்."

கோபியின் அப்பா குவித்த கையோடு நின்றார். புனிதா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

தேவநாதன் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். சங்கத்தின் மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு அவருடையது.

"வெளியூர் விருந்தினர்கள் தவறாக எண்ணக் கூடாது. இந்த இளைஞர் ஏதோ தன் வீடு மட்டும் இப்படி என்பதுபோலப் பேசிவிட்டார். அவருடைய தந்தையாரைத் தனியாக யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன். இந்தத் தெருவில் யார் டேங்க் வீட்டுக்குள் இருக்கிறது? தண்ணீர்ப் பந்தலுக்கு அடியில் என்னுடையது. அறிவிப்புப் பலகைக்கு அடியில் செயலாளருடையது. பெஞ்சு, புறா மேடை எல்லாம் அப்படித்தான். மூடியே இல்லாமல் திறந்து போட்ட தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன. நாங்கள் அப்படி இல்லை. எங்கள் மூடி ஒவ்வொன்றும் பொதுமக்களுக்குப் பயன்படுகிறது."

முடித்துவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மெதுவாக எழுந்து நின்றுகொண்டார்.

கோபியின் அப்பா கையைக் கீழே இறக்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார்," என்றார். "இப்ப உள்ள போலாமா, கூடாதா? அத சொல்லுங்க. செஞ்சி ரோடு தாண்டுனதுலேர்ந்து அடக்கிக்கினு வர்றேன்."

அலெக்ஸ்தான் சொன்னான். "போலாங்க. காலி பண்ணியாச்சு. ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க, போதும்."

அவர் வேகமாக உள்ளே போனார். ஐந்து நிமிஷம் கழித்து முகம் தெளிந்து வெளியே வந்து, அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, சோறு ஆக்கிட்டீங்களா? எல போடுங்க" என்றார். அம்மா அழுதுகொண்டே சமையல்கட்டுக்கு ஓடினாள். பதினான்கு பேரும் உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். சம்பந்தம் பிழைத்தது.

தமிழ்மணி தெருவுக்கு வந்தான். நாற்காலிகள் காலியாகிவிட்டிருந்தன. அலெக்ஸ் லாரியில் ஏறப்போனான்.

"அலெக்ஸு. சாப்ட்டுட்டுப் போடா."

"எந்த வாயிடா இது? தண்ணி லாரிக்காரருன்னு சொன்னதா, அப்புறம் மைக்குல சொன்னதா?"

உள்ளே யாரோ ரசம் கேட்டார்கள்.

"சாப்பாடு வுடு," என்றான் அலெக்ஸ். "அடுத்த நட தலைவர் வூட்டுக்குத்தான். இப்பத்தான் சைகையில கூப்ட்டாரு. மொதல்ல இந்தப் பேனர அவுரு. இத கட்டிக்கினு ஊருக்குள்ள போனா எவனாச்சும் கொடத்த தூக்கிக்கினு ஓடியாருவான்."

தமிழ்மணி லாரியின் பக்கத்து ஏணியில் ஏறினான். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. ஜன்னல் வழியே சம்பந்தி வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் மாடியில் நின்று பார்த்தாள். நாலு முடிச்சு அவிழ்ந்தது. ஐந்தாவதைப் பல்லால் கடித்து இழுத்தான். ஆறாவது வெயிலில் இறுகிக் கல்லாகியிருந்தது.

"கத்தி இருக்குதாடா?"

"இருக்குது," என்றான் அலெக்ஸ் கீழேயிருந்து. "தர மாட்டேன். கையாலயே அவுரு."

அவன் லாரியின் கதவில் சாய்ந்து, காத்துக்கொண்டிருந்தான். தமிழ்மணி நகத்தை முடிச்சுக்குள் விட்டுத் தோண்டத் தொடங்கினான்.